சும்மா பாக்கப் போறோம்

"வெளிநாட்ல எந்த வேலைக்குப் போறீங்க?"

பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த காவலர் கேட்ட முதல் கேள்வி.

"வேலைக்கு இல்லைங்க சார். சும்மா சுத்திப் பாக்கப் போறோம்."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அப்புறம் வீட்டைப் பார்த்தார். அரசு கட்டிக் கொடுத்த தொகுப்பு வீடு. முன்னால் தகரம் போட்ட தாழ்வாரம். கொடியில் அம்மாவின் சேலை காய்ந்துகொண்டிருந்தது.

"சுத்திப் பாக்கவா? குடும்பத்தோடயா? யாரு கூட்டிட்டுப் போறா?"

"யாரும் கூட்டிட்டுப் போகலைங்க. நாங்களேதான் போறோம்."

அதற்குள் தெரு கூடிவிட்டது. எங்கள் தெருவுக்குப் போலீஸ் வந்தால் ஆம்பளைகள் பின்பக்கமாகக் கண்மாய்க் கரைக்குப் போய்விடுவார்கள். வீடு வீடாகப் புகுந்து அள்ளிக்கொண்டு போன காலத்திலிருந்து வந்த பழக்கம். அன்றைக்கும் ரெண்டு பேர் போய்விட்டார்கள். பக்கத்து வீட்டு மதினி ஓடி வந்து அம்மாவிடம், "யாரு மேல கேஸு அத்தை?" என்று கேட்டது. "கேஸு இல்லடி, பாஸ்போட்டு" என்று அம்மா சொன்னதை அது நம்பவே இல்லை.

நம்பாததற்கும் காரணம் உண்டு. என் மேல் வழக்கு இருக்கத்தான் செய்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தப் பயண யோசனை எனக்கு வந்ததே என் மகளால்தான். நாலாம் வகுப்பில் 'விடுமுறையில் நான் சென்ற இடம்' என்று கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். கூடப் படிக்கும் பிள்ளைகள் கொடைக்கானல், கன்னியாகுமரி என்று எழுதியிருக்கின்றன. ஒரு பையன் சிங்கப்பூர் என்று எழுதியிருக்கிறான். என் மகள் 'கலெக்டர் ஆபீஸ்' என்று எழுதியிருந்தாள். 'அங்கே பெரிய மரங்கள் உள்ளன. நாங்கள் மரத்தடியில் உட்கார்ந்து கோஷம் போட்டோம். எனக்குப் புளியோதரை கொடுத்தார்கள்.' டீச்சர் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்.

படித்துவிட்டுச் சிரித்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. யோசித்துப் பார்த்தால் நான் பயணம் போகாதவள் இல்லை. கலவரம் நடந்த ஊர்கள், உண்மை அறியும் குழு, நீதிமன்றம், ஆர்ப்பாட்டம் என்று தமிழ்நாட்டின் பாதியைச் சுற்றியிருக்கிறேன். எரிந்த வீடுகளைப் பார்க்கப் போயிருக்கிறேன். ஒரு ஊரின் குளத்தைப் பார்க்க, மலையைப் பார்க்க என்று ஒருநாளும் போனதில்லை.

நான் வேலை பார்க்கும் தனியார் கல்லூரியில் ஆசிரியர் அறையில் ஏப்ரல் பிறந்துவிட்டால் வேறு பேச்சே கிடையாது. பாங்காக்கில் எந்த ஓட்டல் மலிவு, பாலிக்கு எந்த மாதம் போகலாம், சிங்கப்பூரில் நம்ம சாப்பாடு எந்தத் தெருவில் கிடைக்கும், பணத்தை எங்கே மாற்றினால் நஷ்டம் வராது, ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக் கொடுத்துக்கொள்வார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் அந்தக் குறிப்புகளுக்குள் இன்னொரு குறிப்பும் ஓடும். "அந்த டூர்ல சமையல்காரரையே கூட்டிட்டு வர்றாங்க மேடம், சுத்த சைவம். வர்றவங்களும் நம்ம மாதிரி ஃபேமிலிதான்." கடலைத் தாண்டும்போது சாதியை விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை, பெட்டியில் வைத்து எடுத்துப் போகலாம், அதற்குத் தனி பேக்கேஜ் இருக்கிறது. பாங்காக் வீதியில் யார் சமைத்தது என்று கேட்காமல் தின்றதைப் பெருமையாகச் சொன்னவர் ஒருவர், என் வீட்டு விசேஷத்துக்கு வந்தபோது காப்பியை "வயிறு சரியில்லை" என்று தள்ளி வைத்தார்.

என்னிடம் யாரும் எங்கே போகிறீர்கள் என்று கேட்டதில்லை. கேட்க மறந்ததாக நான் நினைக்கவில்லை. எங்களை அந்தப் பேச்சில் வைத்துப் பார்க்கவே அவர்களுக்குத் தோன்றவில்லை.

'சுத்திப் பாக்குறது' என்ற சொல்லே எனக்குச் சின்ன வயசில் அடிபட்ட சொல். ஏழாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் சுற்றுலா கூட்டிப் போனார்கள். நூற்றைம்பது ரூபாய். அம்மா களையெடுக்கப் போகும் வீட்டில் கடன் கேட்டாள். அந்த வீட்டம்மா சொன்னது இன்னும் காதில் கிடக்கிறது: "ஒங்க புள்ளைக்கு எதுக்குடி சுத்திப் பாக்குறது? லீவுல அதையும் களையெடுக்க அனுப்பு." மாச சம்பளக்காரர்களுக்கு விடுமுறை என்றால் சம்பளத்தோடு வீட்டிலிருக்கும் நாள். அரசு ஊழியருக்குக் குடும்பத்தோடு ஊர் பார்க்கப் பயணச் சலுகை என்றே ஒன்று வைத்திருக்கிறார்கள். கூலிக்காரிக்கு விடுமுறை என்றால் கூலி இல்லாத நாள். அடுப்பு எரியாத நாள். அந்த நாளில் எதைச் சுற்றிப் பார்ப்பது?

ஆனால் கடல் தாண்டுவது எங்களுக்குப் புதுசு இல்லை.

கடல் தாண்டினால் ஆசாரம் கெடும், திரும்பி வந்தால் பிராயச்சித்தம் செய்ய வேண்டும் என்று சொன்ன சாதிகள் இருந்தன. கணித மேதை ராமானுஜன் 1914இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறும் முன் இந்தத் தடையோடு எவ்வளவு போராட வேண்டியிருந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதே 1914இல்தான் பாம்பன் ரயில் பாலம் திறந்தது. சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் என்று போட்மெயில் ஓடியது. அதில் மூட்டை முடிச்சோடு போன எங்கள் சனங்களுக்கு யார் பிராயச்சித்தம் சொன்னார்கள்? கெடுவதற்கு எங்களிடம் ஆசாரம் என்று எதை விட்டு வைத்திருந்தார்கள்?

அதற்கும் முன்னால் போனவர்கள் மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்தார்கள். காலராவிலும் பட்டினியிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். போனவர்களில் பெரும்பகுதி பள்ளர், பறையர், சக்கிலியர். 1900களின் தொடக்கத்தில் கங்காணி ஆள் பிடித்ததும், தோட்டத்தின் எண்ணைப் பொறித்த ஒரு தகர வில்லையைக் கையில் கொடுப்பார்கள். போகிறவனுக்குப் பேர் வேண்டாம், ஊர் வேண்டாம். அந்த வில்லையைப் பார்த்து, சரக்கை அனுப்புவது போல அந்தந்தத் தோட்டத்துக்கு அனுப்புவார்கள். இலங்கை அரசு மண்டபத்தில் நடத்திய முகாமில் அடைத்து வைத்து, அம்மை குத்தி, நோயில்லை என்று பார்த்துத்தான் கப்பலேற்றினார்கள். என் அம்மாச்சியின் அப்பாவுக்கு அந்தத் தகரம்தான் பாஸ்போர்ட், விசா எல்லாம்.

அம்மாச்சி பிறந்தது ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில். கல்யாணத்துக்காக ஊருக்கு வந்தாள். அதுவரை போவதும் வருவதும் சுலபமாக இருந்தது. 1948இல் இலங்கையில் குடியுரிமைச் சட்டம் வந்து பல லட்சம் தோட்டத் தமிழர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். குடிவரவுச் சட்டமும் வந்தது. விசா இல்லாமல் போக முடியாது என்றானது. அம்மாச்சி இந்தப் பக்கம் நின்றுபோனாள். அவள் தங்கச்சி அந்தப் பக்கம் நின்றுபோனாள். கடிதம் வரும், போகும். எண்பதுகளில் அதுவும் நின்றது. அம்மாச்சி சாகும்வரை "அங்கிட்டு ஒருத்தி கெடக்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மலையக மக்கள் வந்து 200 ஆண்டு ஆனதன் நினைவாக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு, முன்னோர் நடந்த அதே வழியில் ஒரு நடைபயணம் நடந்தது. அதில் போன ஒரு தோழர் மூலம் பழைய கடிதத்திலிருந்த தோட்டத்துப் பேரைச் சொல்லி விசாரித்தேன். ரெண்டு மாசம் கழித்து ஒரு பெண் குரல் போனில் வந்தது. "அக்கா, நான் ஒங்க தங்கச்சி முறை." சின்ன அம்மாச்சியின் பேத்தி. கொழும்பில் துணிக்கடையில் வேலை. சின்ன அம்மாச்சி இருக்கிறாள். எண்பத்தஞ்சுக்கு மேல் இருக்கும். கண் மங்கிவிட்டது. காது நன்றாகக் கேட்கிறது.

இப்போது எனக்கும் பயணக் குறிப்பு சொல்ல ஒரு ஆள் கிடைத்துவிட்டது. ஆசிரியர் அறையில் கிடைக்காத குறிப்புகள்.

"அக்கா, பெப்ரவரி மார்ச்ல வந்தா நல்லது. ஏப்ரல்ல நுவரெலியா சீசன், ரூம் வெல எல்லாம் கூட. மே கடைசிக்குப் பொறகு வராதீங்க, மழ தொடங்கிட்டா அட்டைக்கடி தாங்காது." பிள்ளைகளுக்குப் பரீட்சை என்றேன். "அப்ப வருசப் பொறப்பு முடிஞ்சு ஏப்ரல் கடைசியில வாங்க. கொழும்பு கோட்டை ஸ்டேசன்ல பதுளை கோச்சியில ஏறி ஹட்டன்ல எறங்குங்க. மண் சரிஞ்சா கோச்சி ஓடாது, அத முன்னாடியே கேட்டுக்கிடணும். அப்பன்னா புறக்கோட்டையில பஸ் இருக்கு. பெரியம்மாவுக்குக் கம்பளி கட்டாயம். தோட்டத்துல யாருன்னு கேட்டா சொந்தக்காரங்கன்னு சொல்லுங்க. டூரிஸ்ட்னு சொல்லாதீங்க."

"என்னடி கொண்டு வரட்டும்?"

"சுக்குக் கருப்பட்டி. கெழவி கேட்டுக்கிட்டே கெடக்கு."

இதற்கு நடுவில், விலை தெரிந்துகொள்வோமே என்று மதுரையில் ஒரு சுற்றுலா அலுவலகத்துக்கும் போனோம். வழவழப்பான தாளில் ஒரு நோட்டீஸ் கொடுத்தார்கள். ஐந்து பகல், நாலு இரவு. கண்டி தலதா மாளிகை, யானைகள், ராமாயணம் நடந்த இடங்கள், கொழும்பில் கடைவீதி. மூன்றாம் நாள் 'தேயிலைத் தோட்டம், கொழுந்து பறிக்கும் பெண்களுடன் புகைப்படம்'. பக்கத்திலேயே படம். நெற்றியில் பட்டையை மாட்டி முதுகில் கூடை தொங்கவிட்ட ஒரு அம்மா சிரிக்கிறாள். அம்மா அந்தத் தாளை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இவ எங்கம்மா சாடையா இருக்காடி."

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்: "இவகூட நின்னு போட்டோ எடுக்கவா இம்புட்டுக் காசு?"

மற்றவர்கள் போகும் சுற்றுலாவில் நாங்கள் இல்லாமல் இல்லை. பார்க்கிறவர்களாக இல்லை, பார்க்கப்படுகிற பொருளாக இருக்கிறோம். ஒரு நாள் கூலி ஆயிரம் ரூபாய் வேண்டும் என்று பல வருசம் போராடி 2021இல்தான் அதை வாங்கினார்கள் அந்தச் சனங்கள். இலங்கைப் பணத்தில் ஆயிரம். படத்தில் சிரிக்கும் அந்த அம்மாவுக்கு வீடு எங்கே, அது லயமா, கூரை ஒழுகுகிறதா என்று அந்த நோட்டீஸில் இல்லை. தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தோம். நாங்களே போய்க்கொள்ளலாம் என்று அன்றைக்குத்தான் முடிவானது.

பாஸ்போர்ட் எடுத்த அனுபவத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதைப் படிக்கிற நம் ஆட்களுக்கு உபயோகப்படும். நமக்குள் யாரும் இதைச் சொல்லிக் கொடுப்பதில்லை.

முதலில் பேர். அம்மாவின் பேர் ஆதாரில் ஒரு மாதிரி, ரேசன் அட்டையில் ஒரு மாதிரி, வாக்காளர் அட்டையில் ஒரு மாதிரி. பிறந்த தேதி எல்லாவற்றிலும் சனவரி 1. எங்கள் தெருவில் பாதிக் கிழவிகள் சனவரி 1இல்தான் பிறந்திருக்கிறார்கள். எழுத வந்தவன் கேட்காமல் போட்டது. பேரை எல்லா அட்டையிலும் ஒன்றாக்கிக்கொண்டு அப்புறம் விண்ணப்பியுங்கள். இடைத்தரகருக்குக் காசு கொடுக்க வேண்டாம். நாங்கள் எடுத்தபோது பெரியவர்களுக்குக் கட்டணம் 1500 ரூபாய்தான். தரகர் அதற்கு மேல் ஆளுக்கு ரெண்டாயிரம் கேட்டார்.

அடுத்தது, "சர்நேம் என்ன?" வடநாட்டில் அந்த இடத்தில் சாதி உட்கார்ந்திருக்கும். நமக்கு அப்பா பேர். என் அய்யா பேர் சடையன். பண்ணையில் இருந்தவர். நல்ல பேர் வைத்தால் ஆண்டை வீட்டில் ஒத்துக்கொள்ளாத காலத்தில் வைத்த பேர். முழுப் பேரையும் சொன்னதும் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கு உதட்டில் சிரிப்பு வந்தது. எழுத்து எழுத்தாகச் சொல்லி எழுத வைத்தேன். விமான நிலையத்தில் அந்தப் பேரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட வேண்டும். கூப்பிடட்டும்.

என் துணைவர் பெயிண்டர். ஒன்பதாவதோடு நின்றவர். பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் குடியேற்றச் சோதனை தேவை என்று அச்சடித்துவிடுகிறார்கள். அம்மா கைநாட்டு, ஆனால் ஐம்பது வயது தாண்டியதால் தப்பித்தாள். அவர் மாட்டிக்கொண்டார். "படிக்காதவன்னு நோட்டுலயே எழுதிட்டான் பாரு" என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார். இப்படிப்பட்டவர்களுக்கு ஆரஞ்சு நிற அட்டையே போடலாம் என்று 2018 சனவரியில் அரசு அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் கைவிட்டது. தெரிந்துகொள்ளுங்கள்: அந்த முத்திரை பதினெட்டு நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு மட்டும்தான். மலேசியா, தாய்லாந்து, வளைகுடா நாடுகளெல்லாம் அதில் வரும். இலங்கை வராது. சுற்றிப் பார்க்கப் போகிறவரை அதைக் காட்டி யாரும் தடுக்க முடியாது.

கடைசியாக வழக்கு. 2019இல் எங்கள் ஊரில் ஒரு பெரியவர் இறந்தார். பிணத்தை ஊர்த்தெரு வழியாகச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோக விடவில்லை. பிணத்தோடு சாலையில் உட்கார்ந்தோம். பெண்கள், பிள்ளைகள் உட்பட. மறியல் வழக்கு போட்டார்கள். குற்றப்பத்திரிகையும் தாக்கலாகிவிட்டது. நம் தோழர்கள் பலர், கேஸ் இருந்தால் பாஸ்போர்ட்டே கிடைக்காது என்று நினைத்து விண்ணப்பிப்பதே இல்லை. அப்படி இல்லை. 1967ஆம் வருசத்துப் பாஸ்போர்ட் சட்டம், நீதிமன்றத்தில் குற்ற வழக்கு நிலுவையில் இருந்தால் மறுக்கலாம் என்கிறது. ஆனால் 1993 ஆகஸ்டில் மத்திய அரசு போட்ட அறிவிக்கையின்படி, அந்த நீதிமன்றத்திலேயே அனுமதி வாங்கி வந்தால் கொடுக்க வேண்டும். வழக்கை மறைக்காதீர்கள். மறைத்தால் அதுவே இன்னொரு வழக்காகும்.

மனு எழுதும்போது வழக்கறிஞர் தோழர் தயங்கினார். "காரணம் என்னன்னு போட? கருத்தரங்குன்னு போடலாமா? அம்மாவுக்கு வைத்தியம்னு போட்டா சீக்கிரம் கெடைக்கும்."

"சுற்றுலான்னே போடுங்க தோழர்."

போட்டார். அனுமதி கிடைத்தது. எத்தனை வருசத்துக்கு என்று உத்தரவில் குறிப்பிடவில்லை. அப்படிக் குறிப்பிடாவிட்டால் ஒரு வருசத்துக்குத்தான் பாஸ்போர்ட் கொடுப்பார்கள். மனுவிலேயே வருசத்தைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். நாங்கள் கேட்காமல் விட்டோம், நீங்கள் விடாதீர்கள். வீட்டில் பெரியவர்களுக்குப் பத்து வருசம், பிள்ளைகளுக்கு அஞ்சு வருசம். எனக்கு மட்டும் ஒரு வருசம். அதற்குள் போய் வந்தாக வேண்டும். சின்ன அம்மாச்சியின் வயசை நினைத்தால் அதுவும் அதிகம்தான்.

பணம்? மகளிர் குழுவில் கேட்டேன். கடன் படிவத்தில் மாடு, ஆடு, தையல் மெஷின், வீடு பழுது, மருத்துவச் செலவு என்று காரணங்கள் போட்டிருக்கின்றன. சுற்றுலா என்று ஒரு வரி இல்லை. "மாடுன்னு போட்டுக்கலாம்க்கா" என்றது கணக்கு எழுதும் பிள்ளை. வேண்டாம் என்றேன். ரெண்டு வருசம் சீட்டு கட்டி எடுத்திருக்கிறேன்.

விசயம் தெரிந்ததும் இயக்கத்தில் ஒரு மூத்த தோழர் கேட்டார்: "சுடுகாட்டுக்குப் பாதை இன்னும் வரல தோழர். அதுக்குள்ள ஒங்களுக்கு ஃபாரின் டூரா?"

சுருக்கென்றது. பதில் சொல்லவில்லை. அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. எங்கள் தெருவில் வெளிநாடு போய் வந்தவர்கள் சவுதியிலும் குவைத்திலும் வியர்வை சிந்தி வந்தவர்கள். காசு வந்ததும் தெருவை மறந்து காலனியை விட்டுப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். நானும் அப்படி ஆகிவிடுவேனோ என்ற பயம் எனக்கும் உண்டு.

அன்றைக்கு ராத்திரி அம்பேத்கரின் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' குறிப்புகளை மறுபடி எடுத்துப் படித்தேன். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு வந்தவர், வட்டமேசை மாநாடுகளுக்குக் கடல் தாண்டிப் போய் வந்தவர் எழுதியது. அதில் 1934இல் நடந்த ஒரு சம்பவம் வருகிறது. பலமுறை படித்ததுதான், ஒன்றைக் கவனிக்காமல் விட்டிருந்தேன். அது மாநாட்டுப் பயணம் இல்லை. இயக்கத் தோழர்கள் ஏறக்குறைய முப்பது பேர் சேர்ந்து வேரூல் குகைகளைப் பார்க்கக் கிளம்பிய சுற்றுலா! வழியில் தௌலதாபாத் கோட்டையைப் பார்க்க இறங்கினார்கள். வாசலில் இருந்த குளத்தில் முகம் கழுவினார்கள். குளத்தைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்று ஒரு கிழவர் கத்திக்கொண்டு ஓடி வந்தார். கூட்டம் கூடிவிட்டது. கடைசியில் உள்ளே எங்கும் தண்ணீரைத் தொடக்கூடாது என்று சொல்லி, ஆயுதம் தாங்கிய சிப்பாயைக் கூடவே அனுப்பித்தான் கோட்டையைப் பார்க்க விட்டார்கள்.

போராட்டத்துக்கு நடுவில்தான் அவர்கள் குகை பார்க்கப் போனார்கள். அவ்வளவு வேலை இருந்த மனுசனும் கூடப் போனார். எல்லாம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கவில்லை. பாதை வருவதற்கு முன்னால் சிரிக்கக்கூடாது, ஊர் பார்க்கக்கூடாது என்று நாமே நமக்குச் சொல்லிக்கொண்டால், லீவில் களையெடுக்க அனுப்பச் சொன்ன அந்த வீட்டம்மாவின் பேச்சைத்தான் திருப்பிச் சொல்கிறோம். தோழரிடம் மறுநாள் இதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். பாதைக்கான அடுத்த மனு என்றைக்கு என்று கேட்டார். ஊருக்குக் கிளம்பும் முன்னால் கொடுத்துவிடுவோம் என்றேன். "வரும்போது தேயிலை வாங்கிட்டு வாங்க" என்றார்.

டிக்கட் போட்டாகிவிட்டது. மதுரையில் விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, கொழும்பு வந்துவிடும். நுழைவு அனுமதிக்கான விதி அடிக்கடி மாறுகிறது. போகிறவர்கள் அந்த அரசின் தளத்திலேயே நேரடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு ரோட்டுக்கடையில் நீல ஸ்வெட்டர் ஒன்று வாங்கி வந்தேன். வேகாத வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தாள். "என்ன அத்தை, குளுருதோ?" என்று மதினி கேட்டது. "சிலோன்ல குளுரும்டி" என்றாள்.

கருப்பட்டியைத் துணியில் கட்டி வைத்திருக்கிறாள். விமான நிலையத்தில் கேள்வி கேட்பார்கள் என்று அவளுக்குப் பழக்கிக்கொண்டிருக்கிறேன்.

"எதுக்கும்மா போறீங்கன்னு கேப்பாங்க. என்ன சொல்லுவ?"

"சின்னாத்தாளப் பாக்கப் போறேன்னு சொல்லுவேன்."

"ம்."

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "அவளப் பாத்த பொறகு ரெண்டு நாளு இருக்குல்ல? அந்த ரயில்ல மேல வரைக்கும் போயிட்டு வரணும்டி. எறங்க வேண்டாம். சன்னல் ஓரமா உக்காந்து சும்மா போயிட்டு வரணும்."

"அதுக்கு எதுக்குன்னு கேட்டா?"

"சும்மாதான்னு சொல்லுவேன். ஏன், நான் போகக் கூடாதா?"